இடிதாங்கி கண்ட பிராங்க்ளின்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய நாடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கியவுடன் ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஆட்கள் விரைந்தேறி மணிகளை இடைவிடாது அடிப்பர். மணியோசை மேகங்களைக் கலைத்து மின்னலை விலக்கும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. மணிக்கூண்டோ ஊரிலேயே உயர்ந்த கட்டடம். மணிக்கயிறோ மழையில் நனைந்திருக்கும். ஆகவே, ஊரைக் காக்கச் சென்றவர் பலர் மின்னலுக்கே இரையாயினர். வெனிஸ் நகரத்துத் தூய மார்க்கு தேவாலயத்தின் மணிக்கூண்டு பன்முறை இடியால் தாக்குண்டு சிதைந்தது; சிதைந்த ஒவ்வொரு முறையும் பெரும்பொருள் செலவில் செப்பனிடப்பட்டது. இத்தீங்கினை ஓர் இரும்புக் கம்பியையும் ஒரு பிடி ஈர மண்ணையும் கொண்டு தடுக்கலாம் என்று உலகுக்கு அறிவித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் அமெரிக்கர்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஜோசையா இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்று வாழ்ந்தவர். அவருக்கு மக்கள் பதினெழுவர். ஆண்மக்களுள் கடைசியாகப் பிறந்தவர் பெஞ்சமின். அத்துணைப் பெரிய குடும்பத்தில் பிள்ளையை நெடுங்காலம் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை. இரண்டாண்டு அளவே பயின்ற சிறுவர், பத்தாம் வயதில் தந்தையின் பட்டறையில் திரி நறுக்கவும் அச்சுகளில் மெழுகு வார்க்கவும் அமர்ந்தார். அத்தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. பன்னிரண்டாம் வயதில் தமையனார் ஜேம்சின் அச்சகத்தில் தொழில் பழகுநராகச் சேர்க்கப்பட்டார். புத்தகக் கடைகளில் வேலை செய்த சிறுவர்களிடம் மாலையில் நூல்களை இரவல் பெறுவார். இரவெல்லாம் விழித்துப் படிப்பார். கடை திறக்குமுன் அழுக்குப்படாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் பயின்ற பல்கலைக்கழகம் அதுவே.

தமையனாரோடு கருத்து வேறுபாடு முற்றவே, 1723-இல் பதினேழு வயது இளைஞராய் வீட்டை விட்டு வெளியேறிப் பிலடெல்பியா நகரை அடைந்தார். கசங்கிய ஆடையும், பைகளில் திணித்த மாற்றுடைகளும், மிகச் சில காசுகளுமே அவருடைமை. மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கி, இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்றைத் தின்றவாறே தெருவழியே அவர் நடந்து சென்ற கோலத்தை வீட்டு வாயிலில் நின்ற ஒரு பெண் கண்டு நகைத்தாள். டெபோரா ரீடு என்னும் அந்நங்கையே பின்னாளில் அவர்தம் வாழ்க்கைத் துணைவியானார்.

பிலடெல்பியாவில் அவர் படிப்படியாக உயர்ந்தார். சொந்த அச்சகம், செய்தித்தாள், ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கம் ஆகியன அவருக்குப் பொருள் ஈட்டித் தந்தன. 1731-இல் நண்பர்களோடு சேர்ந்து சந்தா நூலகம் ஒன்றையும், 1736-இல் தீயணைப்புச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். மரவீடுகள் நிறைந்த அந்நகரில் நெருப்பின் கொடுமையை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 1748-இல், நாற்பத்திரண்டாம் வயதில், அச்சகப் பொறுப்பைக் கூட்டாளியிடம் ஒப்புவித்து அறிவியல் ஆராய்ச்சிக்கென ஓய்வு தேடிக்கொண்டார்.

அந்நாளில் மின்சாரம் என்பது ஒரு வேடிக்கைப் பொருள். கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்த்துப் பொறி எழச் செய்வதும், பட்டுக் கயிற்றில் தொங்கவிட்ட சிறுவனின் விரல்நுனியிலிருந்து பொறி பறக்கச் செய்வதும் விருந்துகளில் நடைபெறும் விளையாட்டுகள். இலண்டனில் வாழ்ந்த பீட்டர் காலின்சன் என்னும் வணிகர் பிலடெல்பியா நூலகத்துக்கு அத்தகைய கண்ணாடிக் குழாய் ஒன்றை அனுப்பினார். பிராங்க்ளின் அதனை விளையாட்டுப் பொருளாக விட்டுவிடவில்லை. நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஆய்வில் இறங்கினார்; கண்டவற்றைக் காலின்சனுக்கு மடல்களாக எழுதினார்.

அவர் செய்த ஆய்வுகளுள் ஒன்று மிக எளியது. ஆயினும் அதன் பயன் பெரிது. மெழுகுப் பலகையின்மேல் ஒருவர் நின்று கண்ணாடிக் குழாயைத் தேய்ப்பார். வேறொரு மெழுகுப் பலகையின்மேல் நிற்கும் மற்றொருவர் அக்குழாயிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்வார். மூன்றாமவர் வெறுந்தரையில் நிற்பார். தரையில் நிற்பவர் ஏனை இருவருள் எவரை அணுகி விரல் நீட்டினும் பொறி பறக்கும். மெழுகின்மேல் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் தொட்டாலோ இன்னும் வலிய பொறி எழும். அதன்பின் இருவரிடத்தும் மின்சாரம் சிறிதும் இராது. இதனின்று பிராங்க்ளின் உண்மையொன்றை உய்த்துணர்ந்தார். தேய்ப்பதனால் மின்சாரம் புதிதாகப் பிறப்பதில்லை. ஒருவரிடம் குறைந்தது மற்றொருவரிடம் மிகுந்திருக்கிறது; அவ்வளவே. மிகுதியை நேர் என்றும் குறைவை எதிர் என்றும் குறித்தார். அக்குறியீடுகள் இன்றும் மின்கலந்தோறும் பொறிக்கப்படுகின்றன.

தரையில் நின்றவர் மிகுதியும் குறைவும் இன்றி இயல்பாக இருந்தது ஏன்? அவர் உடல் நிலத்தோடு தொடர்புற்றிருந்தமையே காரணம். நிலம் ஒரு பெருங்கடல் போன்றது. அதில் எவ்வளவு மின்சாரம் சென்று கலப்பினும் அது நிறைந்து வழிவதில்லை. எவ்வளவு எடுப்பினும் வற்றுவதில்லை. மெழுகு, கண்ணாடி, பட்டு ஆகியவை அக்கடலுக்குச் செல்லும் வழியை அடைத்து நிற்கும். உலோகமும் ஈரமும் அவ்வழியைத் திறந்துவிடும்.

கூர்முனையின் இயல்பும் இவ்வாறே வெளிப்பட்டது. உலர்ந்த கண்ணாடிப் புட்டியின் வாயில் ஓர் இரும்புக் குண்டை வைத்து மின்னேற்றி, அதனருகே பட்டு நூலில் ஒரு தக்கை உருண்டையைத் தொங்கவிட்டார். குண்டு தக்கையை விலக்கித் தள்ளியது. கூரிய ஊசி ஒன்றைக் கையிற் பிடித்துச் சற்றுத் தொலைவிலிருந்தே நீட்டியவுடன் குண்டிலிருந்த மின்சாரம் ஓசையின்றி வடிந்தது. தக்கை மீண்டும் குண்டை வந்தடைந்தது. அதே ஊசியை அரக்குக் கோலில் பதித்து நீட்டியபோது ஒன்றும் நிகழவில்லை. அரக்கின் மீது விரலை மெல்ல நகர்த்தி ஊசியைத் தொட்டவுடன் தக்கை பாய்ந்து ஒட்டிக்கொண்டது. ஊசி எத்துணைக் கூரியதாயினும், அது நிலத்தோடு தொடர்பு பெற்றாலன்றிப் பயன் தராது என்பது தெளிவாயிற்று. பின்னர் அவர் அமைத்த இடிதாங்கியின் தத்துவம் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

மின்சாரத்தின் கொடுமையை அவர் தம் உடலிலேயே அறிய நேர்ந்தது. 1750-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், இரண்டு பெரிய லெய்டன் சாடிகளில் மின்சாரத்தைத் திரட்டி, அதனால் ஒரு வான்கோழியைக் கொன்று காட்ட முனைந்தார். சூழ நின்றவர் பேச்சில் கவனம் சிதறவே, ஒரு கை சாடிகளின் மேற்கம்பிகளிலும் மற்றொரு கை சாடிகளின் வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலியிலும் இருக்கும்படி நின்றுவிட்டார். சாடிகளின் மின்சாரம் முழுவதும் அவர் உடலினூடே பாய்ந்தது. பேரொளி எழுந்ததாகவும் வெடியோசை கேட்டதாகவும் அருகிருந்தோர் கூறினர். அவரோ ஒளியையும் காணவில்லை, ஓசையையும் கேட்கவில்லை. உணர்வு மீண்ட பின்னும் கைகளும் பிடரியும் மறுநாட் காலைவரை மரத்திருந்தன. இப்பிழையைப் பாஸ்டனிலிருந்த உடன்பிறந்தாருக்கு எழுதியபோது பெரிதும் நாணினார்.

மின்னலும் இச்சாடியில் எழும் பொறியும் ஒரே பொருள்தானோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் முன்னரே எழுந்திருந்தது. இரண்டும் ஒளி வீசுகின்றன; இரண்டும் கோணல் வழியே பாய்கின்றன; இரண்டும் உலோகத்தை நாடுகின்றன; உயிரைப் போக்குகின்றன; எரியத்தக்கவற்றை எரிக்கின்றன. ஒப்புமை மட்டும் போதாது, ஆய்ந்து காணல் வேண்டும் எனத் துணிந்த அவர், 1750-இல் ஒரு வழியை எழுதி அனுப்பினார். உயர்ந்த கோபுரத்தின்மேல் காவற்கூண்டு போன்றதோர் அறை அமைத்து, அதன் நடுவே மின்கடத்தாப் பீடத்தின்மேல் 20 அல்லது 30 அடி நீளமுள்ள கூரிய இரும்புக் கம்பியை நாட்டவேண்டும். இடிமேகம் தாழ்ந்து செல்லுங்கால் கம்பி மின்னேற்றம் பெறும். பீடத்தின் மேல் ஆளே நின்று பொறி எடுக்கலாம். அஞ்சுவாராயின் தரையில் நின்றுகொண்டு, கட்டடத்தின் உலோகக் கூரையோடு ஒரு முனை பிணைக்கப்பட்ட கம்பி வளையம் ஒன்றை மெழுகுக் கைப்பிடியால் பற்றிக் கம்பியருகே நீட்டலாம். பொறி கம்பியிலிருந்து வளையத்துக்குப் பாய்ந்து அப்படியே கீழிறங்கிவிடும், ஆளைத் தீண்டாது. மெழுகுப்பிடி என்னும் இச்சிறு எச்சரிக்கையைப் படித்தோர் பலர் பொருட்படுத்தவில்லை.

பிராங்க்ளினின் மடல்கள் 1751-இல் இலண்டனில் நூலாக வெளிவந்து, பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டன. பாரிசுக்கு அருகிலுள்ள மார்லி என்னும் சிற்றூரில் தாலிபார் என்னும் அறிஞர், ஏறத்தாழ 40 அடி உயர இரும்புக் கம்பியை நாட்டினார். அதன் அடிப்பீடத்தை மதுப்புட்டிகள் தாங்கின. 1752 மே 10-ஆம் நாள் இடிமேகம் வந்தபோது தாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்த முதிய படைவீரர் ஒருவர், கண்ணாடிப் புட்டியைப் பிடியாகக் கொண்ட பித்தளைக் கம்பியை நீட்டிப் பொறியை எடுத்தார். மேகத்தின் மின்சாரம் மனிதர் கையால் எடுக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்பர்.

இச்செய்தி கடல் கடந்து பிலடெல்பியாவை எட்டுவதற்கு முன்னரே, அவ்வாண்டு சூன் மாதத்தில், பிராங்க்ளின் தம் மகன் வில்லியத்துடன் பட்டம் விட்டு ஆய்வு நடத்தினார் என்று வரலாறு கூறும். ஆய்வு நடந்த நாளைக் குறித்து அறிஞரிடையே ஐயம் உண்டு. அவ்வாய்வின் முறையை அவர் அக்டோபர் 19-ஆம் நாள் தம் செய்தித்தாளில் வெளியிட்டார் என்பது உறுதி. பட்டுத் துணியாலாகிய பட்டம், அதன் உச்சியில் கூரிய கம்பி, சணல் நூல், நூலின் கீழ்முனையில் ஒரு சாவி, சாவிக்கு இப்பால் கையிற் பிடிக்கப் பட்டு நாடா. நாடா நனையாதிருக்கக் கூரையின் கீழ் நிற்றல் வேண்டும். நூலின் பிசிர்கள் சிலிர்த்து நின்றன. விரற்கணுவைச் சாவியருகே கொணர்ந்தபோது பொறி தெறித்தது. பட்டத்தின்மீது மின்னலே விழுந்திருப்பின் அவ்விருவரும் உயிர் பிழைத்திரார். மேகத்தின் அண்மையால் நூலில் சேர்ந்த சிறு மின்னேற்றமே அங்குத் தோன்றியது. மாணாக்கர் எவரும் இதனைச் செய்து பார்க்கத் துணியலாகாது.

அத்துணிவின் விலை மறு ஆண்டே தெரிந்தது. ரஷ்ய நாட்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரில் ரிச்மன் என்னும் பேராசிரியர் தம் வீட்டுக் கூரையில் கம்பி நிறுத்தி, அதனை அறைக்குள் கொணர்ந்து, மின்னேற்றத்தை அளக்கும் கருவியோடு இணைத்திருந்தார். அளப்பதற்காக வைத்த கம்பியாதலின் அது நிலத்தோடு தொடர்புறாது கண்ணாடியின்மேல் முடிந்தது. 1753 ஆகஸ்டு 6-ஆம் நாள் இடியோசை கேட்டு, செதுக்கோவியர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு கருவியைக் காண விரைந்தார். அருகில் நின்று நோக்கியபோது கருவியிலிருந்து நீலநிற நெருப்புப் பந்து ஒன்று அவர் நெற்றியை நோக்கிப் பாய்ந்தது. ஓசையின்றி அவர் சாய்ந்தார். அக்கணமே உயிர் நீத்தார். உடன் வந்தவர் மயங்கி வீழ்ந்து பிழைத்தார். ரிச்மனின் நண்பரும் ரஷ்யாவின் பேரறிஞருமாகிய லொமொனோசொவ் அதே வேளையில் தம் இல்லத்திலும் அத்தகைய கருவியின்முன் நின்றுகொண்டிருந்தார். நண்பரை இழந்த அவர், அக்குடும்பத்துக்கு உதவித்தொகை வேண்டி மன்றாடினார். மேகத்தின் மின்சாரத்தைக் கீழே கொணரும் கம்பி, மண்ணைச் சென்றடையாது வீட்டினுள்ளே நின்றுவிடின், அஃது இல்லாதிருப்பதினும் தீதாகும்.

பிராங்க்ளின் தம் பஞ்சாங்கத்தின் 1753-ஆம் ஆண்டுப் பதிப்பில் வீடுகளை மின்னலினின்று காக்கும் முறையைப் பொதுமக்களுக்குப் புரியும்படி வெளியிட்டார். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று வேண்டும். அதன் ஒருமுனை ஈர மண்ணில் 3 அல்லது 4 அடி ஆழம் புதைந்திருக்கவேண்டும். மறுமுனை வீட்டின் உச்சியினும் 6 அல்லது 8 அடி உயர்ந்திருக்கவேண்டும். மேல்முனையில் பின்னலூசிப் பருமனுள்ள ஓரடிப் பித்தளைக் கம்பியைக் கூராக்கிப் பிணைக்கவேண்டும். நீண்ட வீடாயின் இருபுறமும் இத்தகைய கம்பிகளை நிறுத்தி, கூரைமுகட்டின் வழியே அவற்றை இணைக்கவேண்டும். இதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. ஒரு காசும் பெறவில்லை. ஏழை உழவனும் ஊர்க் கருமானைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம் என்பதே அவர் விருப்பம்.

தம் இல்லத்தில் அவர் அமைத்த கம்பியின் வரலாறு சுவையானது. அது புகைபோக்கிக்கு மேல் சுமார் 9 அடி உயர்ந்து, கூரையில் கண்ணாடிக் குழாயினூடே நுழைந்து, மாடிப்படி வழியே இறங்கி, நீரிறைக்கும் குழாயின் இரும்புத் தண்டோடு இணைந்தது. இறைகுழாய் நிலத்தடி நீரைத் தொடுவதாதலின் அதனினும் சிறந்த நிலத்தொடர்பு கிடைத்தற்கரிது. ஆனால், தம் படுக்கையறை வாயிலுக்கு எதிரே அக்கம்பியைத் துண்டித்து, ஆறு அங்குல இடைவெளி விட்டு, இருமுனைகளிலும் இரு சிறு மணிகளைக் கட்டினார். நடுவே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டார். மின்னேற்றமுடைய மேகம் வீட்டின்மேல் செல்லும்போதெல்லாம் குண்டு இருபுறமும் ஆடி மணிகளை ஒலிக்கும். ஓர் இரவு மணிகளுக்கிடையே வெள்ளிய ஒளி தொடராகப் பாய்ந்து, தரையில் கிடக்கும் குண்டூசியையும் எடுக்கலாம் என்னும்படி மாடிப்படி முழுவதையும் விளக்கியது. இம்மணிகளின் உதவியால், இடிமேகங்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றமுடையன என்பதை அவர் கண்டறிந்தார்.

அறிவியலறிஞருக்கு இன்பம் அளித்த அம்மணியோசை இல்லத்தரசிக்கு நடுக்கம் தந்தது. 1757-இல் பிராங்க்ளின் அரசியற் பணியாக இலண்டன் சென்றபின், நள்ளிரவில் தாமே ஒலிக்கும் மணிகளோடு டெபோரா அம்மையார் தனித்திருக்க நேர்ந்தது. அஞ்சுவாராயின் ஒரு கம்பித் துண்டினால் இரு மணிகளையும் இணைத்துவிடும்படி கணவர் 1758-இல் எழுதினார். அவ்வாறு இணைத்தவுடன் மின்சாரம் தங்குதடையின்றி நிலத்துக்கு இறங்கிவிடும்; மணிகள் வாய் மூடும்; வீடும் முன்னினும் காப்புடையதாகும். கணவர் இதனை முன்னரே சொல்லிச் சென்றிருக்கலாம்!

பிராங்க்ளின் காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. எனினும், அவர் கூறிய நெறி இன்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் விளங்குகிறது. இந்திய வீடுகளின் மூன்று துளைப் பிளக்குகளில் மேலே தனித்து நிற்கும் பெரிய துளை நிலத்தொடர்புக்கு உரியது. மின்பணியாளர் அதனை எர்த்து என்பர். அதிலிருந்து பச்சை உறையிட்ட கம்பி சென்று, கரியும் உப்பும் இட்டு நனைத்த குழியில் புதைந்துள்ள உலோகக் குழாயையோ தகட்டையோ சேர்கிறது. அதற்குரிய முள் மற்றவற்றினும் நீண்டிருப்பதால், செருகும்போது நிலத்தொடர்பு முதலில் ஏற்படும்; பிடுங்கும்போது இறுதியில் நீங்கும். சலவைப்பெட்டியின் உள்ளே கம்பி பழுதுற்று அதன் உலோக உடலைத் தொட்டால், மின்சாரம் தொடுபவர் உடலை நாடாமல் இவ்வழியே பெருகி ஓடும். பியூசு உருகி மின்னோட்டம் அற்றுப்போகும்.

கணிப்பொறி முதலிய நுண்கருவிகளைப் பழுது பார்ப்போர், உடலில் சேரும் நிலைமின்சாரம் அவற்றைக் கெடுக்காதவாறு, மணிக்கட்டில் ஒரு பட்டை அணிந்து அதனை இவ்வெர்த்தோடு இணைத்துக்கொள்வதுண்டு. அதற்கெனச் செய்யப்பட்ட பிளக்கில் எர்த்து முள் மட்டுமே உலோகம். ஏனை இரண்டு முட்களும் மின்சாரம் கடத்தாப் பொருளால் ஆனவை. இணைப்பு வழியில் பத்து இலட்சம் ஓம் அளவுள்ள தடையும் வைக்கப்பட்டிருக்கும். தவறி மின்னோட்டமுள்ள கம்பியைத் தொட நேர்ந்தாலும், அவ்வழியே உடலுக்குக் கேடு செய்யும் அளவு மின்சாரம் பாய அத்தடை இடங்கொடாது. வெறுங்கம்பியைத் துளையில் செருகுவதோ உயிருக்கு உலை வைப்பதாகும். சுவரில் துளை இருப்பதனாலேயே அதன் பின்னே கம்பி உண்டு என்றும், கம்பி உண்டாயினும் அது மண்ணைச் சேர்ந்துள்ளது என்றும் கொள்ளுதல் கூடாது. தேர்ந்த மின்பணியாளர் அதனை அளந்து பார்த்துக் கூறிய பின்னரே அதனை நம்பலாம். ஆண்டுதோறும் சோதிக்கப்படாத எர்த்து, ரிச்மனின் கம்பியைப் போன்றதே.

மண்ணிற் புதையும் முனையே முதன்மையானது என்பதற்குப் பிலடெல்பியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாயிற்று. வெஸ்டு என்னும் வணிகரின் வீட்டு இடிதாங்கிமீது மின்னல் விழுந்தது. வீட்டுக்கு ஊறொன்றும் இல்லை. கம்பியின் பித்தளை முனைமட்டும் இரண்டரை அங்குல அளவு உருகிப்போயிருந்தது. ஆனால், மழையில் நனைந்திருந்த நடைபாதையின்மேல், அடித்தளத்திலிருந்து சில கஜ தூரம் மின்னொளி பரவியதைக் கண்டவர் இருந்தனர். புதைந்த இரும்பு முளை 4 அல்லது 5 அடி ஆழமே சென்றிருந்தது. அங்கு மண் போதிய ஈரம் கொண்டிருக்கவில்லை. பிராங்க்ளினின் நண்பர் கின்னர்ஸ்லி 1761-இல் இதனை அவருக்கு எழுதினார். அதன்பின் பிராங்க்ளின், கம்பி ஈரமண்ணை எட்டும்வரை ஆழ்ந்து செல்லவேண்டும் என்றும், மண்ணுக்குள் அதனை வீட்டின் அடித்தளத்தினின்று விலக்கி வளைத்துக் கொண்டுசெல்லவேண்டும் என்றும் வலியுறுத்தினார். கூரிய முனை மேகத்தின் மின்சாரத்தை ஓசையின்றி வடித்து மின்னலையே தடுத்துவிடும் என்று அவர் தொடக்கத்தில் பெரிதும் நம்பினார். அந்நம்பிக்கை நிலைபெறவில்லை. விழும் மின்னலை ஏற்று மண்ணுக்குள் செலுத்துவதே இடிதாங்கியின் உண்மைத் தொழில் என்பது இன்றைய அறிவியலின் முடிபு.

புதுமைக்கு எதிர்ப்பும் எழாமல் இல்லை. 1755-இல் பாஸ்டனில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இரும்புக் கம்பிகள் வானத்து மின்சாரத்தை மண்ணில் நிரப்பியமையே காரணம் என்று சமயகுரு ஒருவர் எழுதினார். ஹார்வர்டு கல்லூரிப் பேராசிரியர் வின்திராப் அதனை மறுத்துரைத்தார். பிரான்சு நாட்டுச் செயின்ட் ஓமர் நகரில் ஒருவர் தம் வீட்டில் இடிதாங்கி அமைத்தமைக்கு அண்டை வீட்டார் அஞ்சி வழக்குத் தொடுத்தனர். கீழ் மன்றம் அதனை அகற்ற ஆணையிட்டது. 1783-இல் மேல் மன்றத்தில் வாதாடி அவ்வாணையை நீக்கச் செய்த இளம் வழக்கறிஞர், பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் பெற்ற ரோபெஸ்பியர் ஆவார்.

இங்கிலாந்திலோ கம்பியின் முனை கூர்மையாயிருத்தல் நன்றா, மழுங்கியிருத்தல் நன்றா என்னும் வாதம் மூண்டது. கூர்முனை வேண்டுமென்ற பிராங்க்ளினின் கருத்தை அரசவை அறிஞர் கழகம் ஏற்றது. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் போர் தொடங்கிய பின்னர், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரண்மனையில் மழுங்கிய முனைகளையே பொருத்தச் செய்தார். பகைவரின் முனை அவருக்கு வேண்டாததாயிற்று போலும்! பிராங்க்ளின் இதற்கு மறுமொழி தருவதைத் தவிர்த்து, உண்மையை உலகின் அனுபவத்துக்கே விட்டுவிட்டார். அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் சற்றே மழுங்கிய முனை மின்னலை ஏற்பதில் சிறந்தது எனக் காட்டியுள்ளன என்பது வியப்பூட்டும் செய்தி. எனினும், மன்னர் அக்காரணம் பற்றி அதனைத் தேர்ந்தாரல்லர்.

வெனிஸ் மணிக்கூண்டில் 1776-இல் இடிதாங்கி அமைக்கப்பட்டது. 1902-இல் அக்கூண்டு சரிந்ததற்கு மின்னல் காரணமன்று; கட்டடத்தின் பழுதே காரணம்.

அதே 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட பிராங்க்ளின், தம் எழுபதாம் வயதில் பிரான்சுக்குத் தூது சென்று, ஒன்பதாண்டுகள் அங்குத் தங்கி, அந்நாட்டின் துணையைத் தம் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார். 1785-இல் தாயகம் திரும்பினார். இரண்டாண்டுகள் கழித்து வீட்டைப் பழுது பார்த்தபோது, இடிதாங்கியின் செப்பு முனையைக் கண்ட தொழிலாளர் வியந்தனர். ஒன்பது அங்குல நீளமிருந்த அம்முனை பெரும்பகுதி உருகிச் சிதறியிருந்தது. அவர் கடலுக்கப்பால் இருந்த ஆண்டுகளில் ஏதோ ஒருநாள் மின்னல் அவ்வீட்டின்மேல் விழுந்து, கம்பி வழியே இறங்கி மண்ணில் மறைந்திருக்கிறது. வீட்டினுள் ஒரு கீறலும் இல்லை. தாம் கண்ட கருவி தமக்கும் பயன்பட்டது என்று அம்முதியவர் இத்தாலிய அறிஞர் ஒருவருக்கு மகிழ்ச்சியோடு எழுதினார்.

அவ்வாண்டே நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அவையிலும் அவர் அமர்ந்தார். முன்னர்த் தம் இல்லத்தில் அடிமைகளை வைத்திருந்தவர், முதுமையில் அக்கொடுமையை உணர்ந்து அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790 பிப்ரவரியில் அதனை ஒழிக்கக் கோரிப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். இரு திங்கள் கழித்து, ஏப்ரல் 17-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் இறந்தார். பல பட்டங்களும் பதவிகளும் பெற்றிருந்தும், தம் இறுதி முறியின் தொடக்கத்தில் தம்மை அச்சுத் தொழிலர் என்றே முதலில் குறித்திருந்தார். பிலடெல்பியாவில், பதினைந்தாண்டுகளுக்கு முன் மறைந்த டெபோரா அம்மையாரின் அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.